ஹென்லி மரண விசாரணை, 1751: பணிப்பெண்களின் சாட்சியத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

பேராறு எழுதியது:

தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஹென்லி நகரில், 1751 ஆகஸ்ட் 14, புதன்கிழமை, பிரான்சிஸ் பிளாண்டி என்ற வழக்கறிஞர் இறந்தார். அவர் அந்நகராட்சியின் செயலராகவும் இருந்தவர். ஒன்பது நாட்களாக வாந்தியும் வயிற்றெரிச்சலும் அவரை வாட்டின. அவருடைய ஒரே மகள் மேரி பிளாண்டிக்கு அப்போது முப்பது வயது கடந்திருந்தது. மகளுக்குப் பத்தாயிரம் பவுண்டு சீதனம் தருவதாகத் தந்தை ஊரறியச் சொல்லியிருந்தார். அந்தச் சீதனத்தை எண்ணி வந்தவர்களில் ஒருவர் வில்லியம் ஹென்றி கிரான்ஸ்டவுன் என்ற ஸ்காட்லாந்து இராணுவ அதிகாரி. அவர் 1744ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தில் ஒரு பெண்ணை மணந்திருந்தார் என்பது பின்னர் தெரியவந்தபோது தந்தை அவரை வெறுத்தார், மகள் விடவில்லை. கிரான்ஸ்டவுன் ஸ்காட்லாந்திலிருந்து அழகிய கூழாங்கற்களை அனுப்பினார். அவற்றைத் துலக்குவதற்கென்று வெள்ளைப் பொடி ஒன்றையும் அனுப்பினார். அந்தப் பொடி தந்தையின் ஓட்ஸ் கஞ்சியில் கலந்தது என்பதும், அது வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்செனிக் நஞ்சு, என்பதும்தான் வழக்கு.

பிளாண்டி இறந்த மறுநாளே மரண விசாரணை நடந்தது. ஹென்லியின் மேயர் ரிச்சர்ட் மைல்ஸ் என்பவரே அந்நகரின் கொரோனரும் ஆவார். ஐயத்துக்குரிய மரணங்களை ஜூரியைக் கூட்டி விசாரிக்கும் அதிகாரி அவர். மருத்துவர்களும், மருந்துக்கடைக்காரரும், வீட்டுப் பணியாளர்களும் சத்தியம் செய்து வாக்குமூலம் அளித்தனர். மேரி பிளாண்டியே தந்தைக்கு நஞ்சிட்டுக் கொன்றார் என்று ஜூரி முடிவு செய்தது. அதே சாட்சிகள் ஏறத்தாழ ஏழு மாதங்கள் கழித்து, 1752 மார்ச் 3 அன்று ஆக்ஸ்போர்டில் நடந்த வழக்கிலும் பேசினர். ஏப்ரல் 6ஆம் நாள் மேரி தூக்கிலிடப்பட்டார்.

இந்தச் சாட்சியங்களைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: கஞ்சியில் நஞ்சு இருந்தது என்பதும் அதை இட்டவர் யார் என்பதும் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படுகின்றன. ஆனால் அது நஞ்சு என்று அறிந்தே மேரி அதைக் கலந்தாரா என்ற கேள்விக்கு மட்டும் பதில் வேறு வகையான சாட்சியத்தின் மேல் நிற்கிறது. அந்தப் பொடி தந்தையின் மனத்தைக் கிரான்ஸ்டவுன் பக்கம் இளகச் செய்யும் என்று நம்பியதாகவே மேரி கடைசி நாள்வரை சொன்னார். எனவே பணியாளர்களின் சாட்சியத்தை ஒரே மூட்டையாகக் கட்டி ஏற்கவோ தள்ளவோ கூடாது. அவரவர் சொன்னதை அவரவர் கண்ட அளவுக்கு நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சட்டமும் வேதியியலும் அறிந்த நண்பர்கள் இதில் பங்கேற்க வேண்டுகிறேன்.

வழக்குரை எழுதியது:

பேராறு அவர்களின் கேள்விக்குள் போவதற்கு முன்னால், அந்த விசாரணை எத்தகைய அமைப்பு என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. கொரோனர் என்ற பதவி இங்கிலாந்தில் 1194ஆம் ஆண்டிலிருந்து இருந்துவருகிறது. அக்காலத்தில் ஐயத்துக்குரிய முறையில் எவரேனும் இறந்தால், கொரோனர் உள்ளூர் ஆட்களைக் கொண்டு ஜூரி அமைப்பார். குறைந்தது பன்னிருவர் ஒரே முடிவுக்கு வர வேண்டியிருந்தது. அவர்கள் பிணத்தைத் தங்கள் கண்ணால் பார்த்தாக வேண்டியிருந்தது. பிணத்தைப் பாராமல் நடந்த விசாரணை அன்றைய சட்டப்படி செல்லாததாக இருந்தது. கொலை என்று ஜூரி கருதினால் சாட்சிகள் சொன்னதை எழுத்தில் பதிய வேண்டும் என்றும், அந்தச் சாட்சிகள் பின்னர் வழக்கு மன்றத்தில் வந்து நிற்க அவர்களைப் பிணைக்க வேண்டும் என்றும் 1555ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கொரோனருக்குக் கட்டளையிட்டது. ஹென்லி வாக்குமூலங்கள் எழுத்தில் இருப்பதற்கு அந்தச் சட்டமே அடிப்படை.

இங்கே நாம் மறக்கக்கூடாதது, இந்த விசாரணை குற்றம் சாட்டப்பட்டவரை நோக்கி நடப்பதன்று, இறந்தவரை நோக்கி நடப்பது. இவர் எப்படி இறந்தார் என்பதே அதன் கேள்வி. எதிர்த்தரப்பு என்று ஒன்று அங்கே இல்லை. குறுக்கு விசாரணை செய்ய மேரியின் சார்பில் யாரும் நிற்கவில்லை. ஆனாலும் ஜூரியின் முடிவு ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுமானால், அதுவே அவரைச் சிறையில் அடைத்து வழக்குக்கு அனுப்ப அன்று போதுமானதாக இருந்தது. மேரி ஆகஸ்ட் 17 அன்று ஆக்ஸ்போர்டு கோட்டைச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

அந்த வியாழக்கிழமை ஹென்லியில் நிலவிய சூழலையும் எண்ணிப் பாருங்கள். தந்தையின் உடலை மருத்துவர்கள் திறந்து பார்த்துக்கொண்டிருந்த வேளையில், காவல் தளர்ந்ததைக் கண்டு மேரி வீட்டை விட்டு வெளியேறினார். கூட்டம் அவரைத் துரத்தியது. ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஓடிய அவர் ஏஞ்சல் என்னும் விடுதியில் தஞ்சம் புகுந்தார். அவரைத் திரும்ப வருமாறு வற்புறுத்தி மூடிய வண்டியில் அழைத்துவந்தவர்களில் ஃபிஷர் என்பவர் ஒருவர். அதே ஃபிஷர் அந்த மரண விசாரணையின் ஜூரியிலும் இருந்தார், பின்னர் ஆக்ஸ்போர்டில் சாட்சியும் சொன்னார். இறந்தவரை அறிந்தவர், ஓடியவரைப் பிடித்துவந்தவர், முடிவு சொல்பவர், சாட்சி சொல்பவர் என்று எல்லாமே ஒருவராக இருக்கக்கூடிய சிறிய ஊர் அது. இதைக் குறையாக மட்டும் நான் சொல்லவில்லை. ஊரை அறிந்தவர்களே உண்மையை எளிதில் அறிவார்கள் என்பதே அன்றைய ஏற்பாட்டின் நம்பிக்கை. ஆனால் நேற்று நடந்த மரணத்துக்கு இன்று முடிவு சொல்ல, தெருவில் கூட்டம் நின்றுகொண்டிருக்கும்போது, உள்ளே பேசப்பட்ட சொற்கள் அவை என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

நவச்சாரம் எழுதியது:

நான் வேதியியல் ஆசிரியன். பணிப்பெண்களின் சாட்சியம் பற்றிய கேள்விக்கு என் பாடம் வழியாகவே வருகிறேன், ஏனென்றால் அந்தப் பெண்கள் எடுத்துவைத்த பொருள் இல்லாவிட்டால் மருத்துவர் ஆய்வு செய்ய ஒன்றுமே இருந்திராது.

ரெடிங் நகரிலிருந்து வந்த மருத்துவர் ஆந்தனி ஆடிங்டன் ஆகஸ்ட் 10, சனிக்கிழமை இரவு ஹென்லிக்கு வந்து நோயாளியைப் பார்த்தார். இவருடைய மகன் ஹென்றி ஆடிங்டன் 1801இல் பிரிட்டனின் பிரதமரானவர். திங்கள் இரவு கஞ்சியைக் குடித்தபோது வாயில் ஏதோ நறநறவென்று இருந்ததாகவும், அதன்பின் நாக்கிலும் தொண்டையிலும் வயிற்றிலும் எரிச்சலும் குத்தலும் தொடங்கியதாகவும் பிளாண்டியே அவரிடம் சொன்னார். அப்போதே நஞ்சு என்று ஆடிங்டனுக்குத் தோன்றிவிட்டது. கஞ்சிச் சட்டியின் அடியில் தங்கிய வெள்ளைப் பொடியை மருந்துக்கடைக்காரர் நார்ட்டன் அவரிடம் கொடுத்தார்.

அவர் செய்த சோதனையை ஆக்ஸ்போர்டு மன்றத்தில் படிப்படியாக விவரித்தார். சிறிதளவு பொடியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் தூவினார். அது எரிந்து தீரவில்லை, அடர்ந்த வெண்புகையாக எழுந்து பூண்டின் நாற்றம் வீசியது. அடுத்து, பத்து கிரெயின் பொடியை நான்கு அவுன்ஸ் தெளிந்த நீரில் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஐந்து சம பங்காக்கித் தூய கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினார். ஒன்றில் நவச்சாரத்திலிருந்து எடுத்த காரத் திரவம், ஒன்றில் டார்ட்டார் உப்பின் காரக் கரைசல், ஒன்றில் கந்தக அமிலம், ஒன்றில் இன்று ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று நாம் அழைக்கும் உப்பமிலம், ஒன்றில் வயலட் மலரின் பாகு என்று சில துளிகள் விட்டார். முதலாவதில் வெளிறிய வண்டல் சிறிது இறங்கியது. இரண்டாவதில் குவளையின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே வெண்மேகம் போல ஒன்று நின்றது. இரண்டு அமிலங்களிலும் வண்டல் மிகுதியாக இறங்கியது, கந்தக அமிலம் விட்ட குவளையில் அது மின்னும் படிகங்களாகப் பக்கங்களில் ஒட்டிக்கொண்டது. பூப்பாகு வெளிர்பச்சை நிறமாயிற்று. இதன்பின் அவர் செய்ததுதான் எனக்கு இன்றும் மதிப்பை உண்டாக்குகிறது. ரெடிங்கில் ஒரு கடையில் வெள்ளைப் பாஷாணத்தை விலைக்கு வாங்கி, அதே அளவில், அதே முறையில், அத்தனை சோதனைகளையும் அதற்கும் செய்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். எவ்வகையிலும் வேறுபாடு காணவில்லை என்றார்.

இன்றைய அளவுகோலில் அந்த ஐந்து குவளைகளில் எதுவும் தனியாக நின்று ஆர்செனிக்கை மெய்ப்பிக்காது. வயலட் பாகு பச்சையாவது காரத்தன்மையை மட்டுமே காட்டும். பூண்டு நாற்றம் நல்ல அடையாளம்தான், ஆனால் மூக்கை நம்புவது. உடலின் உறுப்புகளிலிருந்தே ஆர்செனிக்கைப் பிரித்துக் காட்டும் முறையை ஜேம்ஸ் மார்ஷ் 1836இல்தான் வெளியிட்டார். ஆகவே பிளாண்டியின் உடலுக்குள் நஞ்சு இருந்ததாக ஆடிங்டன் காட்டவில்லை, காட்டவும் அன்று வழியில்லை. வயிறும் குடலும் வெந்து கருகியதுபோல் அழற்சி கண்டிருந்தன என்பதை உடலைத் திறந்தவர்கள் பார்த்தார்கள். சட்டியில் இருந்தது பாஷாணம் என்பதை அவர் காட்டினார். இவ்விரண்டையும் இணைப்பது சமையலறையில் இருந்தவர்களின் வாய்மொழி. மருத்துவரின் அறிவியல் முழுவதும் ஒரு பணிப்பெண்ணின் சொல்லைத் தாங்கி நிற்கிறது, அல்லது அச்சொல்லால் தாங்கப்படுகிறது. அந்தச் சட்டி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதில் ஓர் இடம் அறுந்திருந்தாலும் ஐந்து குவளைகளும் வீண்தான்.

தாழை எழுதியது:

நவச்சாரம் ஐயா குறிப்பிட்ட அந்தக் கைமாற்றத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றே இந்த இழைக்கு வந்தேன். சூசன் கனெல் என்ற அந்தப் பணிப்பெண் சொன்னதைப் பொறுமையாகப் படித்தால், அவர் ஊகத்தையும் கண்டதையும் கலக்காமல் பேசுகிறவர் என்பது புலப்படும்.

ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை, மேரி கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். அப்பாவின் கஞ்சியைக் கிளறி அடியில் இருந்த ஓட்ஸைத் தின்றுகொண்டிருந்தேன் என்று மேரியே அவரிடம் சொன்னார். அன்றிரவு அதைக் குடித்த பிளாண்டி வாந்தி எடுத்தார். செவ்வாய் இரவு அதே கஞ்சி மீண்டும் அவருக்குப் போயிற்று. புதன் காலையில் மிச்சத்தைத் தின்ற வேலைக்கார முதியவள் ஆன் எம்மெட் கடுமையாக நோயுற்றார். சூசன் தாமும் சிறிது சுவைத்து உடல் நலிந்தார். அதன்பின் சட்டியைப் பார்த்தபோது அடியில் வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. ஓட்ஸ் இவ்வளவு வெள்ளையாக இருந்து பார்த்திருக்கிறாயா என்று சமையற்காரி எலிசபெத் பின்ஃபீல்டிடம் கேட்டார். இருவரும் அதை வெளிச்சத்தில் பார்த்தனர், விரலால் தேய்த்தனர், மணல்போல் நறநறத்தது. நஞ்சு வெள்ளையாகவும் நறநறப்பாகவும் இருக்கும் என்று சூசன் எங்கோ கேள்விப்பட்டிருந்தார்.

இந்த இடத்தில் அவர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். கூச்சலிடவில்லை, சட்டியைக் கழுவவும் இல்லை. இரவு முழுவதும் பூட்டிய அலமாரியில் வைத்திருந்து, வியாழனன்று அக்கம்பக்கத்தில் மதிப்புடைய மவுண்ட்டினி அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் நார்ட்டனை அழைத்து ஒப்படைத்தார். நார்ட்டனிடமிருந்து ஆடிங்டன். நான்கே கைகள், ஒவ்வொருவரும் மன்றத்தில் வந்து தாம் வாங்கியதையும் கொடுத்ததையும் சொல்லக்கூடியவர்கள். எழுத்தறிவு எவ்வளவு என்று நமக்குத் தெரியாத ஒரு வேலைக்காரப் பெண், முதலாளியின் மகளைப் பற்றிய ஐயத்தை, முதலாளி உயிரோடு இருக்கும்போதே இவ்வளவு ஒழுங்காகக் காத்தார் என்பதை நான் வியக்கிறேன். சொல் தவறாகிப்போயிருந்தால் வேலையும் நற்சான்றும் போயிருக்கும். அவற்றை இழந்த பணிப்பெண்ணுக்கு அன்று வேறு வீடு கிடைப்பது அரிது.

சனிக்கிழமை காலையில் அவரே தம் எசமானரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அன்றே மேரி சமையலறைக்கு வந்து சில கடிதங்களையும் ஒரு தாளையும் அடுப்பில் போட்டார். அவர் நகர்ந்ததும் பின்ஃபீல்ட் புதுக் கரியை மேலே போட, தாள் முழுவதும் எரியாமல் தப்பியது. எடுத்துப் பார்த்தபோது அதன்மேல், கூழாங்கற்களைத் துலக்கும் பொடி என்று எழுதியிருந்தது. உள்ளே சிறிதளவு பொடியும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சூசனின் நேர்மைக்கு நான் காட்டும் மிகப் பெரிய ஆதாரம் இவற்றில் எதுவும் அல்ல. திங்கட்கிழமை, 12ஆம் நாள், தந்தையும் மகளும் கடைசியாகச் சந்தித்தபோது அவர் அறையில் இருந்தார். மகள் மண்டியிட்டுத் தம்மைச் சபிக்க வேண்டாம் என்று கேட்டதையும், தந்தை சபிக்காமல் ஆசி கூறி, கடவுள் உன்னை ஆசீர்வதித்து உன் வாழ்வைத் திருத்தட்டும் என்று சொன்னதையும், தனக்கே கேடாக எதையும் சொல்லிவிடக்கூடாது என்று மகளை எச்சரித்து வெளியே போகச் சொன்னதையும் சூசன் மறைக்காமல் சொன்னார். மேரியைத் தொலைத்துவிட வேண்டும் என்று வந்த சாட்சி, கேட்பவர் மனத்தைக் கரைக்கும் அந்தக் காட்சியை இவ்வளவு முழுமையாகச் சொல்ல வேண்டிய தேவை என்ன?

பேராறு எழுதியது:

தாழை அவர்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். என் ஐயம் சூசனைப் பற்றியது அன்று, பின்ஃபீல்டைப் பற்றியது. பத்தாயிரம் பவுண்டுக்காக ஒரு கிழத் தகப்பனை நரகத்துக்கு அனுப்ப யார்தான் தயங்குவார்கள் என்று மேரி சொன்னதாக அவர் ஒருவரே சத்தியம் செய்தார். கொலை நோக்கத்தை நேராகக் காட்டும் சொல் இது. இந்தச் சொல்லைப் புறத்தே வைத்துவிட்டால் எஞ்சுவது போதுமா என்பதே நான் கேட்பது.

மணிமிடை எழுதியது:

பின்ஃபீல்டின் சாட்சியத்தில் அந்த ஒரு வாக்கியத்தைத் தனியாக எடுத்து வைக்கத்தான் வேண்டும். காரணங்களைச் சொல்கிறேன்.

ஆக்ஸ்போர்டில் மேரியின் வழக்கறிஞர்கள் இவருக்கு மேரியின்மேல் பகை இருந்ததா என்று கேட்டார்கள், இவர் மறுத்தார். பின்னர் எதிர்த்தரப்பில் வந்த ஆன் ஜேம்ஸ் என்ற பெண், மேரி ஏணியேறித் தூக்கில் தொங்குவதைக் கண்டால் மகிழ்வேன் என்று பின்ஃபீல்ட் வசைச்சொல்லோடு பேசியதைத் தாம் கேட்டதாகச் சொன்னார். இது உண்மையானால், சமையற்காரி பகை இல்லை என்று சத்தியம் செய்தது பொய்யாகிறது. பொய்யில்லை என்றாலும், வேறு எவரும் அருகில் இல்லாத நேரத்தில் எப்போதோ கேட்ட வாக்கியம் ஒன்றை, நஞ்சு வெளிப்பட்ட பிறகு நினைவுகூர்வது எத்தகையது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். நடந்தது தெரிந்தபின் பழைய பேச்சு வேறு பொருள் கொள்ளும். எரிச்சலில் சொன்ன சொல் திட்டமாகத் தெரியும்.

ஆனால் அதே பின்ஃபீல்ட் எரியாத தாளைப் பற்றிச் சொன்னதை நான் தள்ளமாட்டேன். அங்கே தாள் கையில் இருந்தது. சூசனும் உடன் இருந்தார். எழுத்தைப் பலர் படித்தனர். ஒரே வாய் சொன்ன இரண்டு செய்திகள், ஒன்றுக்குப் பொருளும் துணையும் உண்டு, மற்றொன்றுக்கு இரண்டும் இல்லை. பேராறு அவர்கள் முதலில் சொன்னதை நான் இன்னும் ஒரு படி கொண்டுசெல்வேன்: ஆளுக்கு ஆள் நிறுத்துப் பார்ப்பதோடு, ஒரே ஆளின் வாக்கியத்துக்கு வாக்கியமும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பத்தாயிரம் பவுண்டைப் பற்றியும் ஒன்று. பிளாண்டி இறந்தபின் கணக்குப் பார்த்தபோது அவருடைய சொத்து முழுவதும் நாலாயிரம் பவுண்டைக்கூட எட்டவில்லை. ஊரார் எல்லோரும், மகளும் உட்பட, இல்லாத ஒரு தொகையை நம்பியிருந்தனர். பின்ஃபீல்டின் வாக்கியத்தில் அந்தத் தொகை வருவது, மேரி அதைச் சொன்னார் என்பதற்கு ஆதாரமாகாது. ஹென்லியில் யார் வாயிலும் வரக்கூடிய தொகை அது.

வழக்குரை எழுதியது:

மணிமிடை அவர்கள் பகையைச் சொன்னது சரி. அதைக் கேட்டறிய வாய்த்ததே ஆக்ஸ்போர்டில்தான், ஹென்லியில் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மரண விசாரணையில் பின்ஃபீல்டைக் கேள்வி கேட்க மேரி தரப்பில் எவரும் இல்லை.

ஆக்ஸ்போர்டிலும் மேரிக்குக் கிடைத்த வாய்ப்பு குறுகியதே. வழக்கு தெய்வவியல் பள்ளியின் மண்டபத்தில், ஹெனீஜ் லெக், சிட்னி ஸ்டாஃபோர்ட் ஸ்மைத் என்ற இரண்டு நீதிபதிகளின் முன் நடந்தது; பதின்மூன்று மணி நேரம் போல் நீடித்தது. பெருங்குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், சட்ட நுணுக்கம் பேசலாம். ஜூரியை நோக்கி வாதம் சொல்ல மட்டும் அன்று அனுமதி இல்லை. அது 1836ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தமக்காகச் சத்தியம் செய்து சாட்சி சொல்லும் உரிமை 1898 வரை பொதுவாக இல்லை. ஆகவே அந்தப் பொடியைப் பற்றி என்ன நம்பினார் என்பதை அறிந்த ஒரே மனிதர், அதைச் சத்தியத்தின்மேல் சொல்ல முடியாதவராக நின்றார். பணிப்பெண்களின் சொல் சாட்சியம். மேரியின் சொல் வெறும் கூற்று. இந்த ஏற்றத்தாழ்வை விட்டுவிட்டு அந்த விசாரணையை மதிப்பிடுவது நியாயமாகாது.

ஆடிங்டன் சொன்ன ஒரு செய்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். யார்மேல் ஐயம் என்று தாம் கேட்டபோது, பிளாண்டியின் கண்ணில் நீர் நின்றதாகவும், வலிந்து புன்னகைத்து, காதல் நோய் கொண்ட பாவப்பட்ட பெண், அவளை மன்னிக்கிறேன் என்றும், அந்தப் பாழாய்ப்போன ஸ்காட்லாந்துக் கூழாங்கற்களில் ஏதோ தீங்கு இருக்கிறது என்று எப்போதும் எண்ணினேன் என்றும் சொன்னதாகவும் அவர் மன்றத்தில் தெரிவித்தார். இறக்கும் தறுவாயில் இருப்பவரின் வாக்கு என்பதால் இது ஏற்கப்படக்கூடியது. ஆனால் அது என்ன சொல்கிறது? மகள்தான் கொடுத்தாள் என்று தந்தை நம்பினார் என்று மட்டும். அறிந்து கொடுத்தாளா என்பதை அவரும் அறிந்திருக்க வழியில்லை. சொல்லப்போனால், தீங்கின் ஊற்று கற்களை அனுப்பியவனிடம் இருப்பதாகவே அவர் பேச்சு சாய்கிறது.

நெய்தல் எழுதியது:

இதுவரை எல்லாவற்றையும் படித்தேன். ஒரு கேள்வி மட்டும். நோயுற்ற அந்த முதியவள் ஆன் எம்மெட்டின் சாட்சியத்துக்கு ஏன் யாரும் முக்கியத்துவம் தரவில்லை? நோக்கத்தை அறிவதற்கு அது உதவாதா?

தாழை எழுதியது:

நல்ல கேள்வி, நெய்தல். அவருக்காக அவர் மகள் ஆலிஸ் எம்மெட் மன்றத்துக்கு வந்தார். முதியவள் நோயுற்றதைக் கேட்டு மேரி அவருக்கு ஏற்ற மென்மையான பானங்களை அனுப்பினார் என்பதும் சாட்சியத்தில் இருக்கிறது. சிலர் அதை இரக்கமாகக் காண்பார்கள், சிலர் என்ன தின்றதால் நோய் வந்தது என்று அறிந்தவரின் பதற்றமாகக் காண்பார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பானத்தை விட நாட்களின் வரிசைதான் முக்கியம்.

திங்கள் இரவு தந்தை குடித்து வாந்தி எடுத்தார். அதற்கு முன்பு மேரி அந்தப் பொடியை என்னவென்று நம்பியிருந்தாலும் இருக்கட்டும். அன்பை வளர்க்கும் மருந்து என்றே வைத்துக்கொள்வோம். செவ்வாய் இரவு அதே சட்டியிலிருந்து அதே கஞ்சி மறுபடியும் தந்தையின் அறைக்குப் போயிற்று. அவர் வாந்தி எடுத்ததை வீட்டில் இருந்த எல்லோரும் அறிவர். தடுத்து நிறுத்த ஓர் இரவும் ஒரு பகலும் இருந்தன. தடுக்கவில்லை. புதனன்று முதியவளும் விழுந்தாள். அப்போதும் சட்டி அங்கேதான் இருந்தது. அதை அகற்றியவர் சூசன், மேரி அல்லர்.

இந்த வரிசைக்குப் பின்ஃபீல்டின் சொல் ஒன்றுகூடத் தேவையில்லை. பேராறு கேட்ட கேள்விக்கு என் பதில் இதுவே. நீதிபதி லெக் ஜூரிக்கு வைத்த கேள்வியும் ஏறத்தாழ இதேதான்: அது நஞ்சு என்றும் அதன் விளைவு என்ன என்றும் அறிந்து கொடுத்தாரா? ஜூரி இருக்கையை விட்டு எழாமலே ஐந்து நிமிடம் போல் தமக்குள் பேசி முடிவு சொன்னது.

மணிமிடை எழுதியது:

செவ்வாய்க்கிழமைக் கஞ்சி வலிமையான வாதம், மறுக்கவில்லை. என்றாலும், பிளாண்டிக்குப் பல நாட்களாகவே வயிற்றுக் கோளாறு இருந்துவந்தது என்பதும் சாட்சியத்தில் உண்டு. அதற்கு முன் தேநீரில் பொடி கலந்ததன் விளைவாகவும் அது இருந்திருக்கலாம். ஆனால் அதைப் பழகிய நோயாகக் கருதிய ஒரு மகள், திங்களிரவு வாந்தியைப் பொடியோடு இணைத்துப் பார்க்காமல் இருந்திருக்க முடியும். முடியும் என்றுதான் சொல்கிறேன். ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் ஐயமாக எனக்கு அது தோன்றவில்லை.

தாழை எழுதியது:

அப்படியானால் வெள்ளிக்கிழமைக் கடிதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும், மணிமிடை. ஆகஸ்ட் 9 அன்று மேரி கிரான்ஸ்டவுனுக்கு எழுதிய கடிதத்தை, தந்தையின் எழுத்தர் லிட்டில்டன் அஞ்சலில் சேர்க்காமல் பிரித்துப் பார்த்தார்; நார்ட்டன் அதை நோயாளிக்குப் படித்துக் காட்டினார். தந்தை மிகவும் மோசமான நிலையில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, கடிதங்களுக்கு ஏதேனும் நேர்ந்துவிடலாம், எழுதுவதில் கவனமாக இருங்கள் என்று அதில் எச்சரிக்கிறார். அன்பு மருந்தைப் பற்றி எழுதுகிறவருக்கு இந்த அச்சம் எதற்கு? மறுநாள் அடுப்பில் தாள். தந்தை இறந்தபின் பணியாள் ராபர்ட் ஹார்மனிடம், தம்மோடு ஓடிவர ஐந்நூறு பவுண்டு தருவதாகப் பேச்சு. இவை ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆள் சொல்கிறார்.

பேராறு எழுதியது:

வெள்ளிக்கிழமைக் கடிதம் மேரியின் கையெழுத்திலேயே இருப்பதால், வேறு எவருடைய நினைவாற்றலையும் நம்பத் தேவையில்லாத சாட்சியம் அது ஒன்றுதான். ஆனால் அது ஏதோ மறைக்கப்பட வேண்டியது இருந்தது என்று காட்டுகிறது; மறைக்கப்பட வேண்டியது இன்னதென்று காட்டவில்லை. மணமான ஒருவரோடு தந்தை வெறுக்கும் உறவைத் தொடரும் பெண்ணுக்கும் கடிதம் பிறர் கையில் சிக்கும் அச்சம் இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமையோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அதற்குக் கனம் கூடுகிறது. அப்படிச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதில் தாழை அவர்களோடு நான் உடன்படுகிறேன்.

என் மனத்தை உறுத்துவது சனிக்கிழமை அடுப்பில் போன மற்றக் கடிதங்கள். தாள் தப்பியது, கடிதங்கள் தப்பவில்லை. கிரான்ஸ்டவுன் அந்தப் பொடியைப் பற்றி என்ன எழுதினார், அன்பு மருந்து என்றா, தந்தையைத் தீர்த்துவிடும் என்றா என்பது அவற்றில்தான் இருந்திருக்க வேண்டும். ஏஞ்சல் விடுதியில் கூட்டம் வெளியே நிற்கையில், அந்த வஞ்சகனை நீதியின் முன் நிறுத்தியிருக்கக்கூடிய கடிதங்களைத் தாமே எரித்துவிட்டதாக மேரி ஃபிஷரிடம் சொன்னார் என்பதும் சாட்சியமாகியது. அவர் சொன்னது மெய்யானால், தம்மைத் தூக்கிலிருந்து காத்திருக்கக்கூடிய ஒரே சாட்சியத்தைத் தம் கையாலேயே எரித்தார். பொய்யானால், தமக்கு எதிராக இருந்த மிக வலிய சாட்சியத்தை எரித்தார். கிரான்ஸ்டவுன் எந்த மன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. கண்டத்துக்குத் தப்பியோடி, 1752 முடிவதற்குள் ஃபிளாண்டர்ஸில் ஃபர்ன் என்ற ஊரில் நோயால் இறந்தார்.